சுத்தி செய்த சரக்கு என்றால் நஞ்சு போய்விட்டதா?

கேள்வி: அக்டோபர் 9, மாலை

அம்மாவுக்கு மூட்டு வலி. தெரிந்தவர் ஒருவர் சூரணம் ஒன்று வாங்கித் தந்தார். போத்தலில் உள்ள பட்டியலில் "எட்டிக்கொட்டை, சுத்தி செய்தது" என்று இருக்கிறது. கூகிளில் தேடினால் ஸ்ட்ரிக்னின், எலி நஞ்சு என்றெல்லாம் வருகிறது. தந்தவரோ, மூலிகை ஒன்றும் செய்யாது, சுத்தி செய்தால் நஞ்சும் அமுதம் என்கிறார். சுத்தி, அதாவது நஞ்சை முறிக்கப் பக்குவப்படுத்துவது, உண்மையில் ஏதாவது செய்கிறதா, வெறும் சடங்கா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தெகிவளையிலிருந்து.

அக்டோபர் 9, இரவு 10.40

தம்பி, முதலில் அந்தப் போத்தலை மூடி வையுங்கள். அம்மா ஏற்கெனவே சாப்பிட்டிருந்து, தசை இழுப்பு, உடம்பு விறைப்பு, சின்னச் சத்தத்துக்கே திடுக்கிடுவது என்று ஏதாவது தெரிந்தால் இதை வாசித்துக்கொண்டு இருக்க வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒன்றும் இல்லையென்றால் ஆறுதலாகக் கதைக்கலாம்.

சடங்கு இல்லை. அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். என் அப்பு, அதாவது அம்மாவின் தகப்பனார், வடமராட்சியில் பரியாரியாராக, நாட்டு வைத்தியராக, இருந்தவர். எட்டிக்கொட்டையை எங்கள் பக்கம் காஞ்சிரங்கொட்டை என்றும் சொல்வோம். சட்டைப் பொத்தானைப் போலத் தட்டையாக, பட்டு மாதிரி மினுங்கும். சிறு பிள்ளைகள் எடுத்து விளையாடத் தோன்றும் பொருள். அப்பு அதை மண் சட்டியில் போட்டு, கோமூத்திரம் ஊற்றி, தென்னங்கீற்றுக் கொட்டிலின் உயரத் தட்டில் வைப்பார். ஏழு நாள். ஒவ்வொரு நாளும் பழையதை ஊற்றிவிட்டுப் புதியது. ஏழாம் நாள் கொட்டை நன்றாக ஊதி மெதுவாகிவிடும். வெந்நீரில் கழுவி, தோலை உரித்து, இரண்டாகப் பிளந்து உள்ளே இருக்கும் முளையை ஊசியால் எடுத்து எறிவார். பிறகு துணியில் பொட்டலமாகக் கட்டி, பால் பானையின் குறுக்கே வைத்த தடியில் தொங்கவிட்டு அவிப்பார். பானையின் அடியைப் பொட்டலம் தொடக்கூடாது. துலாயந்திரம் என்று ஏட்டில் வருவது இதுதான். கடைசியில் பசு நெய்யில் பொன்னிறமாக வறுத்து, சூடு ஆறுவதற்கு முன் இடிப்பார். ஆறினால் கல் மாதிரி, உலக்கை துள்ளும்.

நான் இன்றும் மறக்காதது அந்தப் பால். அவித்து முடிந்ததும் அந்தப் பாலை அப்பு வளவின் மூலையில் முழங்கால் ஆழக் குழி தோண்டிப் புதைத்து, மேலே முள்ளு வெட்டிப் போடுவார். நாய், பூனை, கோழி எதுவும் கிட்டப் போகக்கூடாது. எனக்கு அப்போது எட்டு ஒன்பது வயது. பாலைக் கொட்டுகிறாரே என்று ஆச்சியிடம் கேட்டேன். "கொட்டையில இருந்தது பாலுக்கு வந்திட்டுது பிள்ளை" என்றார்.

பிற்காலத்தில் நான் இரசாயனவியல் படித்து, உயர்தர வகுப்புக்குப் படிப்பித்து, ஓய்வு பெற்று வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தேன். ஆச்சி சொன்ன அந்த ஒரு வரியைவிடச் சுருக்கமாக இந்த விஷயத்தை நான் எங்கும் படிக்கவில்லை. எட்டிக்கொட்டையின் நஞ்சுகளான ஸ்ட்ரிக்னினும் புரூசினும் (அல்கலாயிட் என்ற வகைச் செடிப் பொருள்கள்) தண்ணீரில் லேசில் கரையாது, கொழுப்பில் கரையும். பாலில் கொழுப்பு இருக்கிறது, பற்றிப் பிடிக்கப் புரதமும் இருக்கிறது. அவித்த பிறகு பாலைப் பரிசோதித்த ஆய்வுகளில் அந்த அல்கலாயிட்டுகள் பாலில் அகப்பட்டிருக்கின்றன. கோமூத்திரம் அமிலமானது என்பதால் அதுவும் ஒரு பங்கைக் கரைத்து எடுக்கும்.

அக்டோபர் 10, காலை 6.15

ஒரு திருத்தம். நேற்றிரவு நித்திரை வரவில்லை, இதுவே மண்டைக்குள் சுற்றியது. கோமூத்திரம் அமிலமானது என்று எழுதியது பிழை. மனிதருடைய சிறுநீர்தான் பெரும்பாலும் சற்று அமிலம். புல் தின்னும் மாட்டின் சிறுநீர் பெரும்பாலும் காரத்தன்மை உடையது. ஆகவே எட்டியின் அல்கலாயிட் அமில உப்பாக மாறிக் கரைகிறது என்ற என் விளக்கம் அங்கே நிற்காது. ஏழு நாள் ஊறுவதில் நடக்கும் பெரிய வேலை, கல் போன்ற கொட்டை ஊதி இளகித் திறப்பதுதான் என்று இப்போது நினைக்கிறேன். ஓரளவு கரைந்தும் வெளியேறும், அதனால்தான் தினமும் மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். ஊறாத கொட்டையைப் பாலில் எவ்வளவு அவித்தாலும் உள்ளே பால் போகாது.

அமில விளக்கம் பொருந்துவது மோரில். கார்த்திகைக் கிழங்கை, நியங்கலா என்று சிங்களத்தில் சொல்வதை, சீவி உப்பிட்ட மோரில் நாள்கணக்காக ஊறவைத்துக் காயவைக்கும் முறை உண்டு. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

இன்னொன்று. நெய்யில் வறுப்பதை வாசனைக்கான வேலை என்று பலர் நினைக்கிறார்கள். உயர்ந்த சூட்டில் ஸ்ட்ரிக்னினின் ஒரு பங்கு ஐசோஸ்ட்ரிக்னின் என்ற வேறு பொருளாக மாறுகிறது, அதற்கு நச்சு குறைவு. சீன வைத்தியர்கள் இதே கொட்டையைச் சூடான மணலில் வறுக்கிறார்கள். அவர்கள் மணலுக்கும் நாங்கள் நெய்க்கும் எப்படிப் போய்ச் சேர்ந்தோமோ தெரியாது, இரண்டும் ஒரே கொட்டையைச் சூட்டால் அடக்கும் வேலை.

அக்டோபர் 10, மாலை

"ரீச்சர், இவ்வளவு விவரமாகச் சொல்லியிருக்கிறீர்கள், வீட்டிலேயே செய்யலாமே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். நான் எழுதியது அவர் கை என்ன செய்தது என்பதை. எவ்வளவு அவித்தால் போதும் என்பதை அவர் நகத்தால் அமுக்கிப் பார்த்துச் சொல்வார், அந்த அறிவு என் நகத்தில் இல்லை. சுத்தி செய்த பிறகும் கொட்டையில் ஸ்ட்ரிக்னின் மிச்சம் இருக்கும். முழுவதும் போய்விட்டால் அது மருந்தாகவும் இராது. எனவே மருந்தாகும் அளவுக்கும் ஆளைச் சாய்க்கும் அளவுக்கும் இடையே உள்ள ஒடுக்கமான இடத்தில்தான் அவர்கள் வேலை செய்தார்கள். சுத்தி அந்த இடத்தைக் கொஞ்சம் அகலமாக்கித் தரும். அவ்வளவுதான் அதனால் முடியும்.

அக்டோபர் 12

இரண்டு நாளாகச் சமையலறையைச் சுற்றியே யோசனை. சுத்தி என்றவுடன் எல்லோரும் எட்டி, நாபி, சேராங்கொட்டை என்று பெரிய நஞ்சுகளுக்குப் போய்விடுகிறோம். "சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு" என்று சொல்லிக்கொண்டு எங்கள் அம்மாமார் வேர்க்கொம்பின் தோலைச் சீவினார்கள், கடுக்காயின் கொட்டையைத் தட்டி எறிந்தார்கள். அதுவும் சுத்திதான். வேர்க்கொம்புத் தோலில் ஆளைக் கொல்லும் நஞ்சு ஒன்றும் இல்லை. மண்ணும் பூஞ்சணமும் ஒட்டியிருக்கும் இடம் தோல், அதைச் சீவுவதால் நன்மைதான்.

ஒடியலை நினைத்துப் பாருங்கள். பனங்கிழங்கை அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல், அப்படியே கடித்துச் சாப்பிடலாம். பச்சையாகக் கிழித்து வெயிலில் போட்டால் ஒடியல். ஒடியல் மாவை ஆச்சி நேராகக் கூழில் போடவே மாட்டார். தண்ணீரில் கரைத்து ஊறவைத்து, தெளிந்து நிற்கும் நீரை ஊற்றி, திரும்பவும் தண்ணீர் விட்டு, கசப்பு அடங்கிய பிறகுதான் கூழுக்கு எடுப்பார். இந்த மாவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த பழைய ஆய்வுகளில் நச்சுத்தன்மை தெரிந்திருக்கிறது. கொழும்பில் பைக்கற்றில் வாங்கி, யூடியூப் பார்த்துக் கூழ் காய்ச்சும் பிள்ளைகளுக்கு இந்த ஊறவைக்கும் படியை யார் சொல்லிக்கொடுத்தார்கள்? என் மருமகள் நேராகக் கொட்டப் போனாள். நான் பக்கத்தில் நின்றதால் கையைப் பிடித்தேன்.

மரவள்ளியும் அப்படித்தான். வெட்டிக் கழுவி, மூடாத சட்டியில் அவித்து, அவித்த தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். கிழங்கிலிருந்து வெளிவரும் ஐதரசன் சயனைட் 26 பாகையிலேயே ஆவியாகிவிடும். மூடி போட்டால் அந்த ஆவி திரும்பச் சட்டிக்குள்தான் விழும். மூடாதே என்று சொன்ன கிழவிகளுக்கு அந்தப் பெயர் தெரியாது, காரியம் தெரிந்திருந்தது.

அக்டோபர் 13

இஞ்சி! எனக்குத் தெரியும், யாராவது கேட்பீர்கள் என்று. மரவள்ளி சாப்பிட்ட அன்று இஞ்சி சேர்க்கக்கூடாது என்பது இலங்கை முழுக்க, சிங்களவர் தமிழர் முஸ்லிம்கள் எல்லோர் வீட்டிலும் உள்ள கட்டுப்பாடு. நஞ்சு மரவள்ளிக்குள் இருப்பது, எப்படி அவித்தோம் என்பதே பெரிய கேள்வி. இஞ்சியைக் குற்றவாளியாக்க என்னிடம் சாட்சி இல்லை. ஆனாலும் என் வீட்டில் இரண்டையும் ஒரே நாளில் வைப்பதில்லை. அம்மா வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.

அக்டோபர் 16

இன்று புறக்கோட்டைக்குப் போய் வந்தேன். நாட்டு மருந்துக் கடைகள் இருக்கும் கபோஸ் லேனுக்குள் நுழைந்தாலே நெஞ்சு நிறைய வாசம். வசம்பு, சாம்பிராணி, உலர்ந்த வேர், ஈரச் சாக்கு எல்லாம் கலந்து ஒரு வாசம். அப்புவின் கொட்டிலுக்குள் போன மாதிரி இருந்தது, கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

முதல் கடையில் எட்டிக்கொட்டை கேட்டேன். கடைக்கார ஐயா என்னை மேலும் கீழும் பார்த்து, "யாருக்கு? வைத்தியர் துண்டு இருக்கா?" என்றார். இல்லை என்றதும் தரவே இல்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம். சுத்தி செய்ததா என்று கேட்டதற்கு, "நாங்க பச்சையாத்தான் விக்கிறது. சுத்தி வைத்தியர் பாடு" என்றார். நேர்மையான பதில்.

வேறோர் இடத்தில், அந்தத் தெருவில் இல்லை, இடத்தைச் சொல்ல விரும்பவில்லை, அரைத்த தூளாகவே வைத்திருந்தார்கள். "சுத்தி செய்ததா?" "ஓம் ஓம், எல்லாம் சுத்தி." "யார் செய்தது?" "இந்தியாவில இருந்து வருது." "எப்படிச் செய்தார்கள்?" அதற்குப் பதில் இல்லை. நின்ற பையன் போனைப் பார்க்கத் தொடங்கிவிட்டான். எனக்குப் பயமாக இருந்தது அந்தத் தூள்தான். முழுக் கொட்டையாக இருந்தால் தோல் உரித்திருக்கிறதா, முளை எடுத்திருக்கிறதா, நெய் பட்டிருக்கிறதா என்று கண்ணாலாவது பார்க்கலாம். தூளான பிறகு பச்சைக் கொட்டைக்கும் சுத்தி செய்ததற்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

இன்னொரு சிக்கல் பெயர். எட்டி என்று தமிழில் கேட்பார்கள், கொடகதுரு என்று சிங்களத்தில் கொடுப்பார்கள். அதிமதுரம் வெல்மீ. குன்றிமணி ஒலிந்த. குன்றிமணிக் கொடியின் வேரும் இனிப்பானது, அதிமதுரத்துக்குப் பதிலாகக் கலக்கப்படுவது உண்டு. கடுக்காய், தான்றி என்றால் அரலு, புலு. பழகியவர்களுக்குப் பிரச்சினை இல்லை. வாட்ஸ்அப்பில் வந்த ஒரு துண்டைக் காட்டி வாங்குபவர்களுக்குப் பிரச்சினை.

அக்டோபர் 17

நேற்று அந்தப் பையனைப் பற்றி எழுதியதை இன்று திரும்ப வாசித்தேன். அவன் மேல் பிழை சொல்ல முடியாது. அவனுக்கு வந்த பொதியில் என்ன எழுதியிருந்ததோ அதைத்தான் சொன்னான். அவனுக்கு முன்னால் எத்தனை கை மாறி வந்ததோ. அப்புவின் காலத்தில் ஊறவைத்ததும் அவித்ததும் இடித்ததும் நோயாளியின் நாடி பார்த்ததும் ஒரே கை. பிழைத்தால் அடுத்த நாள் காலை அந்தக் குடும்பம் அவர் வாசலில் நிற்கும். இப்போது அந்த ஒரு கையை ஐந்தாறு கையாகப் பிரித்துவிட்டோம். ஒவ்வொருவரும் மற்றவர் சுத்தி செய்திருப்பார் என்று நம்புகிறார்கள்.

அக்டோபர் 21

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எங்கள் மாடிக் குடியிருப்பில் மூன்றாம் மாடியில் ஓர் அன்ரி இருக்கிறார். அவருக்குச் சம்மதம், பெயர் வேண்டாம் என்றார்.

சில வருடங்களுக்கு முன் அவருக்கும் முழங்கால் வலி. யாரோ ஒருவர் கையால் உருட்டிய குளிசை கொடுத்திருக்கிறார், ஒரு சின்ன டப்பாவில், பெயரும் இல்லை திகதியும் இல்லை. ஒன்று சாப்பிடச் சொன்னதாம், வலி கூடுதலாக இருந்ததால் அன்ரி இரண்டு சாப்பிட்டார். அரை மணித்தியாலத்தில் உதடு மரத்தது. நாக்கு மரத்தது. விரல் நுனிகளில் எறும்பு ஊர்ந்த மாதிரி. பிறகு வாந்தி. நெஞ்சு தாறுமாறாக அடிக்கிறது என்று எனக்குப் போன் எடுத்தார். நான் மேலே போனபோது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார், முகம் வேர்த்து வெளிறி இருந்தது.

உதடு மரத்தது என்று கேட்டதும் எனக்கு நாபி ஞாபகம் வந்தது. வத்சநாபி, இமயமலைப் பக்கத்துக் கிழங்கு, இங்கே விளையாது, உலர்த்தி வருவதுதான். அப்பு நாபியைக் கோமூத்திரத்தில் ஊறவைத்து, பாலில் அவித்து, கடைசியில் கடுகளவு எடுத்துத் தன் நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பார். மரத்தால் திரும்பவும் அவிப்பார். அவர் செய்ததைச் சொல்கிறேன், யாரும் செய்து பார்க்காதீர்கள்.

1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்குப் போன் எடுத்தோம், அம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் ஈசிஜி ஒழுங்கில்லாமல் ஓடியது, இரண்டு நாள் இயந்திரத்தோடு பூட்டி வைத்துப் பார்த்தார்கள். மருத்துவரும் நாபியைத்தான் சந்தேகித்தார். உறுதி செய்ய முடியவில்லை, ஏனென்றால் கலவரத்தில் மகன் மிச்சக் குளிசைகளைக் குப்பையில் கொட்டிவிட்டான். அன்ரி சுகமாக வீடு வந்தார்.

நாபியில் உள்ளது அகோனிட்டின். அதன் மூலக்கூற்றில் இரண்டு எசுத்தர்ப் பிணைப்புகள் இருக்கின்றன, நஞ்சின் கூர்மை அவற்றில் ஒட்டியிருக்கிறது. தண்ணீரில் நீண்ட நேரம் கொதித்தால் முதலில் அசற்றிக் அமிலம் கழன்று போகும், பிறகு பென்சோயிக் அமிலம். மிஞ்சுவது அகோனின், மூலப் பொருளோடு ஒப்பிட்டால் மிகவும் சாதுவானது. எட்டியில் நஞ்சு பாலுக்கு இடம் மாறியது என்றேன். நாபியில் நஞ்சே உடைந்து வேறாகிறது. ஆனால் உடைவதற்கு நேரம் வேண்டும், மணிக்கணக்காக. விறகுச் செலவு, காஸ் செலவு, அவசரம் என்று பாதியில் இறக்கினால் அகோனிட்டின் அகோனிட்டினாகவே இருக்கும். ஹொங்கொங்கில் இந்த இனக் கிழங்குகளால் ஏற்பட்ட நச்சேற்றங்கள் பல மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. போதாத அவிப்பும் கூடிய அளவும் அவற்றில் திரும்பத் திரும்ப வரும் காரணங்கள்.

அக்டோபர் 22

சுருக்கமாக ஒன்று, நேற்று எழுத மறந்தது. அப்படி ஏதாவது நடந்தால் மிச்ச மருந்தைக் கொட்டாதீர்கள். டப்பா, பை, துண்டு எல்லாவற்றையும் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் தேசிய நச்சுத் தகவல் நிலையம் இருக்கிறது, மருத்துவர்கள் அங்கே கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்பதை அவர்களிடம் மறைக்க வேண்டாம். நாட்டு மருந்து என்றால் பேசுவார்கள் என்று பயந்து அன்ரி முதல் ஒரு மணித்தியாலம் வாயே திறக்கவில்லை.

அக்டோபர் 27

"அப்படியானால் முறைப்படி சுத்தி செய்தால் எல்லா மூலிகையும் பாதுகாப்பு, சரிதானே?" என்று ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். என் எழுத்து அப்படி விளங்கியிருந்தால் என் பிழை.

குன்றிமணியில் இருக்கும் அப்ரின் ஒரு புரதம். முட்டை வெண்கரு சூட்டில் இறுகுவது போல அதுவும் குலைந்துவிடும், பாலில் அவிப்பது நன்றாகப் பொருந்துகிறது. கார்த்திகைக் கிழங்கின் கொல்சிசின் அப்படிக் குலையாது. வேறு கிழங்கென்று நினைத்து அவித்துச் சாப்பிட்டவர்கள் எங்கள் நாட்டில் இறந்திருக்கிறார்கள், அவித்தது அவர்களைக் காப்பாற்றவில்லை. மோரில் ஊறவைத்தால் ஒரு பங்கு கரைந்து வெளியேறும், மிச்சம் இருக்கும்.

ஆடுதின்னாப்பாளையும், சிங்களத்தில் சப்சந்த என்று சொல்லும் ஈச்சுரமூலியும் ஒரே இனம். இந்த இனத்தில் அரிஸ்டோலோகிக் அமிலம் உண்டு. சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் உண்டாக்கும். பெல்ஜியத்தில் 1990களின் தொடக்கத்தில் உடல் மெலிய மருந்து எடுத்த பெண்கள் நூறு பேருக்கு மேல் சிறுநீரகம் பழுதடைந்தார்கள். அங்கே ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக, பெயர் ஒத்த இன்னொன்று பொதியில் வந்திருந்தது, அது இந்த இனம். கொதிக்க வைத்தாலும் இந்த நஞ்சு போய்விட்டது என்று விட முடியாது. அன்றே வாந்தி வருவதில்லை, மாதங்களுக்குப் பிறகு இரத்தப் பரிசோதனையில் தெரிகிறது. அப்புவின் நாக்கு இதைப் பிடித்திருக்காது.

அதை எழுதக் கை தயங்குகிறது, ஆனாலும் உண்மை. அன்றே தெரியும் நஞ்சுகளைப் பரம்பரை அறிவு மிக நன்றாகக் கவனித்தது. உதடு மரப்பது, வயிறு போவது, தோல் வெந்து போவது இவற்றுக்கெல்லாம் முறை வைத்திருக்கிறது. சேராங்கொட்டையை எடுத்துக்கொள்ளுங்கள், செங்கல் தூளில் புரட்டித் தேய்த்தால் எண்ணெயை அந்தத் தூள் உறிஞ்சிவிடும். கஜுக் கோதில் கை வெந்தவர்களுக்கு அந்த எண்ணெய் எப்படிப்பட்டது என்று தெரியும், இரண்டும் ஒரே குடும்பத்து மரம். ஆனால் பத்து வருடம் மெதுவாக ஈரலைத் தின்பதை எந்தப் பரியாரியாரும் தன் கொட்டிலில் இருந்து கண்டிருக்க முடியாது. கிலுகிலுப்பை இனச் செடிகளில் ஈரலைக் கெடுக்கும் பைரோலிசிடின் அல்கலாயிட்டுகள் இருப்பதை 1981 இல் வெளியான இலங்கை மருந்துச் செடிகள் பற்றிய ஆய்வு ஒன்று காட்டியது. அந்த அறிவுக்கு ஆய்வுகூடம் தேவைப்பட்டது. இரண்டு அறிவும் ஒரே மேசையில் இருக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

நவம்பர் 2

மூன்று நாளாக மழை. அலுமாரிக்குள் செருப்பில்கூடப் பூஞ்சணம். அப்போதுதான் தோன்றியது, நாங்கள் சுத்தியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், சுத்தி செய்த பிறகு சரக்கு எங்கே கிடக்கிறது?

கொழும்பின் இந்த ஈரத்தில் நன்றாகக் காயாத வேரும் பட்டையும் ஒரு வாரத்தில் பூத்துவிடும். சில பூஞ்சணங்கள் அஃப்ளடொக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். கசாயம் கொதிக்கிற சூட்டில் அது அழியாது. கசாயப் பொதியைப் பிரிக்கும்போது புழுங்கிய மணம் வந்தாலோ, வெள்ளை, பச்சைப் படலம் தெரிந்தாலோ கழுவிப் பாவிக்க வேண்டாம், எறிந்துவிடுங்கள். காசு போனது போகட்டும்.

இரசம் (பாதரசம்), ஈயம் சேர்ந்த மருந்துகளைப் பற்றி இருவர் கேட்டிருக்கிறீர்கள். அது வேறு பெரிய கடல். 2004 இல் பொஸ்டன் பக்கத்துக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் 14 இல் ஈயம், இரசம் அல்லது ஆசனிக் இருந்ததாக ஓர் ஆய்வு வந்தது என்பதை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன்.

நவம்பர் 5

வசம்பு. இதை எழுதாமல் விட்டால் என் மனம் ஆறாது.

என் தங்கையின் பேரப்பிள்ளைக்கு இரண்டு மாதம். வயிற்றுப் பொருமல் என்று வசம்பைச் சுட்டு, கல்லில் உரைத்து, தாய்ப்பாலில் குழைத்து நாக்கில் தடவப் போனார்கள். எனக்கும் அப்படித்தான் செய்தார்கள், என் பிள்ளைகளுக்கு நானே செய்தேன். பிள்ளை வளர்ப்பான் என்றே அதற்குப் பெயர். வசம்பின் எண்ணெயில் பீட்டா அசரோன் என்ற பொருள் உண்டு. அதன் காரணமாக அமெரிக்காவில் 1968 இல் உணவில் வசம்பு சேர்ப்பதைத் தடை செய்தார்கள். விலங்குகளில் கட்டி உண்டாக்கியது. இந்தியப் பக்கத்து வசம்பில் அது கூடுதலாக இருக்கும் வகைகள் உண்டு. கரியாகச் சுடும்போது ஆவியாகக்கூடிய எண்ணெயின் பெரும் பங்கு எரிந்து போகும். ஆகவே "சுட்டு உரை" என்பதில் அர்த்தம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆனால் எங்கள் வீட்டில் இந்த முறை சுட்டது காஸ் அடுப்பில், அரை நிமிடம். வெளியே கரி, உள்ளே பச்சை. நான் உடைத்துக் காட்டினேன். ஆச்சி விளக்குத் திரியில் பிடித்து, முழுவதும் கரியாகும்வரை திருப்பித் திருப்பிச் சுடுவார்.

தங்கைக்குக் கோபம். "நீ படிச்ச திமிரில கதைக்கிறாய்" என்றாள். நான் அழுதுவிட்டேன், அவளும் அழுதாள். கடைசியில் குடும்ப நல உத்தியோகத்தர் வந்தபோது கேட்டோம். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம் என்றார். பிள்ளைக்குப் பொருமல் தோளில் போட்டுத் தட்டியதிலேயே இறங்கிவிட்டது. வசம்பை நான் வீட்டுக்குக் கொண்டு வந்து அரிசிப் பானைக்குள் போட்டிருக்கிறேன், வண்டு வராது.

நவம்பர் 6

நேற்று எழுதியதில் ஒரு இடத்தை மாற்ற வேண்டும். "அர்த்தம் இருக்கிறது என்றே நினைக்கிறேன்" என்பது என் ஊகம். சுட்ட வசம்பில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று நான் அளந்து பார்த்தவள் இல்லை. பிள்ளை விஷயத்தில் ஊகத்தை நம்பி யாரும் நடக்க வேண்டாம்.

நவம்பர் 11

கேள்வி கேட்ட தெகிவளைத் தம்பி நேற்று எழுதியிருந்தார். அம்மா அந்தச் சூரணத்தைத் தொடவில்லை. பதிவு பெற்ற சித்த வைத்தியர் ஒருவரிடம் போத்தலோடு போயிருக்கிறார்கள். தயாரித்தவர் முகவரி இல்லை, தொகுதி இலக்கம் இல்லை, திகதி இல்லை. ஆயுர்வேதத் திணைக்களத்தின் பதிவு இலக்கமும் இல்லை. வைத்தியர் பார்த்துவிட்டு, இது வேண்டாம் என்று சொல்லி, இப்போதைக்கு வெளிப்பூச்சுக்கு எண்ணெயும் ஒத்தடமும் கொடுத்திருக்கிறார். அம்மா பிரஷர் மாத்திரை எடுப்பதை அவரே கேட்டு எழுதிக்கொண்டாராம். முழங்காலை எக்ஸ்ரே எடுத்து எலும்பு மருத்துவரிடமும் காட்டச் சொல்லியிருக்கிறார்.

தம்பி துணிந்து அவரிடமே கேட்டிருக்கிறார், நீங்கள் எட்டி பாவிப்பீர்களா, பாவித்தால் யார் சுத்தி செய்வது என்று. அவர் கோபிக்கவில்லை. உள்ளே போய் ஒரு கொப்பி எடுத்து வந்து காட்டினாராம். சிவப்பு மட்டை, ஓரம் எண்ணெய் ஊறியது. ஒவ்வொரு தடவைக்கும் ஒரு பக்கம். கொட்டை எங்கே வாங்கியது, எவ்வளவு, எந்தத் திகதியில் ஊறவைத்தது, எந்தெந்த நாளில் மாற்றியது, எத்தனை மணிக்குப் பாலில் இறக்கி எத்தனை மணிக்கு எடுத்தது. தம்பி அனுமதி கேட்டு ஒரு பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தார். எழுத்துக் கொஞ்சம் கிறுக்கல், பெரிதாக்கிப் பார்த்தேன். கடைசி வரியில் "பால் புதைத்தது, மாலை 5.30" என்று இருந்தது.

வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.